பூஞ்சேரிப் பாறையில் பெயர் இருக்கிறது... ஐபோனுக்குள் யார் பெயர் இருக்கிறது?

மாமல்லபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அர்ச்சுனன் தபசு முன்னால் கூடியிருக்கும் கூட்டத்தில் பாதிப் பேர் சிற்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள். செல்ஃபி! யானைகளும் தவம் செய்யும் பூனையும் பின்னால், சிரித்த முகங்கள் முன்னால். நீட்டிய கைகளில் இருக்கும் சில போன்களின் முதுகில் கடித்த ஆப்பிள் மின்னுகிறது.

அவற்றில் ஏதோ ஒன்று, அங்கிருந்து 40 கிலோமீட்டருக்குள் பிறந்ததாகவே இருக்கலாம். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து, ஜி.எஸ்.டி. சாலையில் சென்னைப் பக்கம் திரும்பினால் பரனூர். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சுங்கச்சாவடியை மறக்கவே முடியாது. அதை ஒட்டியிருக்கும் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஐபோன் தொழிற்சாலை ஒன்று இயங்குகிறது. கட்டியது தைவானின் பெகாட்ரான் நிறுவனம். 2022 செப்டம்பர் 30 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தபோது 1,100 கோடி ரூபாய் முதலீடு, 14,000 பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் அதன் 60 சதவிகிதப் பங்குகளை டாடா எலெக்ட்ரானிக்ஸ் வாங்கிக்கொண்டது.

அங்கே தயாராகும் போனின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் இரண்டு தகவல்கள் இருக்கும். கலிஃபோர்னியாவில் ஆப்பிள் வடிவமைத்தது என்பது ஒன்று. இந்தியாவில் பொருத்தப்பட்டது என்பது இன்னொன்று. வடிவமைத்தவருக்குப் பெயர் இருக்கிறது. பொருத்தியவருக்கு ஊர் மட்டும்தான், அதுவும் பரனூர் என்றெல்லாம் இல்லை, மொத்தமாக இந்தியா.

ஆப்பிள் பிறந்தது 1976 ஏப்ரல் 1. இந்த அரை நூற்றாண்டுக் கதையை ஸ்டீவ் ஜாப்ஸ் என்ற ஒற்றை மனிதரின் கதையாகவே நாம் பல முறை படித்துவிட்டோம். கறுப்பு டி-ஷர்ட், மேடை, கைதட்டல். அந்தக் கதையில் பொருத்திய கைகள் எங்கே இருந்தன என்று தேடிப் போனால், வேறொரு ஆப்பிள் தெரிகிறது.

ஒரு போர்டுக்கு ஒரு டாலர்

1974-ல் ஜாப்ஸ் இந்தியா வந்தார். வயது 19. குரு ஒருவரைத் தேடி இமயமலை அடிவாரத்துக்குப் போனால், அந்த நீம் கரோலி பாபா முந்தைய ஆண்டே இறந்துவிட்டிருந்தார். சில மாதங்கள் வடக்கே சுற்றிவிட்டு, மொட்டைத் தலையோடு கலிஃபோர்னியா திரும்பினார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் நண்பர் ஸ்டீவ் வோஸ்னியாக், வயதில் மூத்த ரொனால்டு வெய்ன் இருவரையும் சேர்த்துக்கொண்டு கம்பெனி ஆரம்பித்தார். ஜாப்ஸ் தன் வேனையும், வோஸ்னியாக் தன் கால்குலேட்டரையும் விற்றுப் பணம் புரட்டினார்கள். நம் ஊரில் தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கடை திறப்பதில்லையா, அந்த மாதிரி.

வெய்னின் கதை பரிதாபம். கடன் தன் தலையில் விழுந்துவிடுமோ என்று பயந்து, 12 நாளில் தன்னுடைய 10 சதவிகிதப் பங்கை 800 டாலருக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இன்று அதன் மதிப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் தூக்கம் கெடும். அதை விடுவோம்.

முதல் ஆர்டர் பைட் ஷாப் என்ற கடையிலிருந்து வந்தது. உரிமையாளர் பால் டெர்ரல் 50 கம்ப்யூட்டர்கள் கேட்டார். ஒன்றுக்கு 500 டாலர். தொழிற்சாலை ஏது? ஜாப்ஸின் பெற்றோர் வீடுதான். போர்டில் சிப்புகளைச் செருகும் வேலையைச் செய்தவர்களில் ஜாப்ஸின் தங்கையும் ஒருவர். அப்போது அவர் கர்ப்பிணி. டி.வி. பார்த்துக்கொண்டே செருகுவார். கூலி, ஒரு போர்டுக்கு 1 டாலர்.

தீப்பெட்டி ஒட்டிய வீடுகளையும், பீடி சுற்றிய திண்ணைகளையும் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாகத் தெரியாது. எண்ணிக்கைக்குக் கூலி, வீட்டு வேலைக்கு நடுவே கை வேலை. உலகத்தின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றின் முதல் உற்பத்திக் கூடமும் அப்படித்தான் இருந்தது. 500 டாலர் பொருளில் 1 டாலர். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடி வரும்.

கம்பெனி கொஞ்சம் வளர்ந்ததும் அடையாள அட்டை கொடுத்தார்கள். 1-ம் எண் வோஸ்னியாக்குக்கு, 2-ம் எண் ஜாப்ஸுக்கு. ஜாப்ஸ் விடுவாரா? தனக்கு 0 என்று போட்ட அட்டை வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார். சம்பளப் பட்டியலில் மட்டும் கடைசிவரை 2-தான். யார் பெயர் எங்கே இருக்க வேண்டும் என்பதில் அந்த நிறுவனத்துக்கு ஆரம்பத்திலிருந்தே அவ்வளவு அக்கறை!

உள்பக்கம் போட்ட கையெழுத்து

ஜாப்ஸின் வளர்ப்புத் தந்தை பால் ஜாப்ஸ் கைவேலை தெரிந்தவர். அலமாரி செய்தால் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கும் பலகையையும் நன்றாக இழைக்க வேண்டும் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவர். யாரும் பார்க்காத பக்கம்தானே என்று விட்டுவிடக் கூடாது. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் உளி பிடிக்கிறவர்களுக்கு இதைப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சிலையின் பின்புறம் கருவறைச் சுவரைப் பார்த்தபடிதான் இருக்கப்போகிறது. ஆனாலும் பின்னல் சடையும் ஆபரண முடிச்சும் அங்கே செதுக்கப்படத்தான் செய்கின்றன.

இந்தப் பாடம்தான் ஆப்பிளின் கலாசாரமாக மாறியது. கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுகூட அழகாக இருக்க வேண்டும் என்று ஜாப்ஸ் இன்ஜினீயர்களை வாட்டினார். மெக்கின்டாஷ் உருவாகிக்கொண்டிருந்த நேரம், 1982 பிப்ரவரியில் குழுவினர் அத்தனை பேரையும் கூப்பிட்டு ஒரு பெரிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். கலைஞன் தன் படைப்பில் கையெழுத்திடுவான் என்பது அவருடைய எண்ணம். அந்தக் கையெழுத்துகள் அச்சில் ஏற்றப்பட்டு, ஒவ்வொரு மெக்கின்டாஷ் பெட்டியின் உள்பக்கத்திலும் பதிந்தன. ரிப்பேர்காரர் திறந்தால் தவிர யார் கண்ணிலும் படாது. ஆனாலும் பெயர்கள் இருந்தன.

அழகான கதைதான். ஆனால் அந்தத் தாளில் இருந்தவர்கள் வடிவமைத்தவர்களும் நிரல் எழுதியவர்களும். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் அந்தப் பெட்டியைப் பொருத்தியவர்களின் பெயர் அதில் கிடையாது.

ஃப்ரீமாண்ட் தொழிற்சாலை ஜாப்ஸின் செல்லப்பிள்ளை. சுவர்கள் பளிச்சென்ற வெள்ளை. இயந்திரங்களுக்கு அவர் விருப்பப்படி வண்ணம். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து தூசி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். 1984-ல் பிரான்ஸ் அதிபர் மித்தரான் அமெரிக்கா வந்தபோது, அவர் மனைவி டேனியல் மித்தரான் இந்தத் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார். ஜாப்ஸ் ரோபோக்களைப் பற்றியும் சரக்கு நிர்வாகம் பற்றியும் உற்சாகமாக விளக்க, அந்த அம்மா வேறு விஷயம் கேட்டார். தொழிலாளர்களுக்கு ஓவர்டைம் எப்படி? விடுமுறை எத்தனை நாள்? ஜாப்ஸுக்கு எரிச்சல் வந்துவிட்டது. அவர்கள் நலனில் அவ்வளவு அக்கறை என்றால் இங்கேயே வேலைக்குச் சேரட்டுமே என்கிற தொனியில் மொழிபெயர்ப்பாளரிடம் கடுகடுத்தார். மொழிபெயர்ப்பாளர் அதை நாசூக்காக மாற்றிச் சொல்லிச் சமாளித்தார்.

டேனியல் மித்தரான் கேட்ட கேள்வி ஃப்ரீமாண்டோடு முடியவில்லை. தொழிற்சாலை எந்த நாட்டுக்குப் போனாலும் கூடவே போனது.

1985-ல் ஜாப்ஸ் வெளியேற்றப்பட்டார். 1992-ல் ஃப்ரீமாண்ட் மூடப்பட்டது. மெக்கின்டாஷ் பெட்டியின் அச்சை மாற்றியபோதெல்லாம் உள்பக்கக் கையெழுத்துகளும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தன. 1997-ல் திவாலாகும் நிலையில் இருந்த ஆப்பிளுக்கு ஜாப்ஸ் திரும்பி வந்தபோது நிலைமை தலைகீழ். மென்பொருளுக்குள் இன்ஜினீயர்கள் ஒளித்துவைக்கும் பெயர்ப் பட்டியல்களுக்கும் குறும்புகளுக்கும் அவர் தடை போட்டதாகச் சொல்வார்கள். கையெழுத்துப் போடச் சொன்ன அதே மனிதர்! கம்பெனிக்குள்ளே மட்டும் பெயர்கள் கறாராக இருந்தன. ஒவ்வொரு வேலைக்கும் நேரடிப் பொறுப்பாளர் என்று ஒரே ஒருவர் பெயர் எழுதப்பட்டிருக்கும். தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமே இருக்காது. வெளியே பார்த்தால் ஒரே ஒரு பெயர்தான், ஆப்பிள்.

மீன் மாதிரி போன்

1998 மார்ச்சில் டிம் குக் வந்து சேர்ந்தார். மேடைப் பேச்சுக்காரர் இல்லை. ஆனால் இன்று பரனூரில் ஒரு தொழிற்சாலை இருக்கிறதென்றால் அதற்கான பாதையைப் போட்டவர்களில் முக்கியமானவர் அவர்.

கிடங்கில் தேங்கிக் கிடக்கும் சரக்கு என்பது கெட்டுப்போகும் பொருள் என்று குக் நினைத்தார். பால் வியாபாரம் மாதிரி நடத்த வேண்டும் என்பார். கொக்கிலமேடு கரையில் காலையில் படகு ஒதுங்கியதும் மீனை ஏலம் விடுகிறவர்களுக்கு இந்தச் சூத்திரம் பரம்பரையாகத் தெரியும். மதியத்துக்குள் விற்காவிட்டால் விலை பாதி. குக் முக்கிய சப்ளையர்களை 100-லிருந்து 24 ஆகக் குறைத்தார். 19 கிடங்குகளில் 10-ஐ மூடினார். சொந்தத் தொழிற்சாலைகளைப் படிப்படியாக விட்டுவிட்டு, பொருத்தும் வேலையைத் தைவான் நிறுவனங்களிடம் கொடுக்கும் வழக்கம் வேகம் பிடித்தது. ஃபாக்ஸ்கான் அவற்றில் பெரியது. அதன் தொழிற்சாலைகள் சீனாவில் இருந்தன.

2007-ல் ஐபோன் வந்தது. ஷென்சென் நகரத் தொழிற்கூடங்களில் லட்சக்கணக்கான இளைஞர்கள் கிராமங்களிலிருந்து வந்து தங்கி வேலை பார்த்தார்கள். 2010-ல் அங்கே தொழிலாளர்கள் அடுத்தடுத்து தற்கொலை செய்துகொண்ட செய்தி உலகத்தையே உலுக்கியது. அதற்குப் பிறகுதான், 2012 ஜனவரியில், தன் சப்ளையர்கள் யார் யார் என்ற பட்டியலையே ஆப்பிள் முதல் முறையாக வெளியிட்டது. அதுவரை அது ரகசியம்.

அந்தக் காலகட்டத்தில் ஐபோன் 3ஜி மாடலைப் பிரித்துக் கணக்குப் போட்ட ஓர் ஆய்வு மிகவும் பேசப்பட்டது. ஒரு போனின் உற்பத்திச் செலவு 178.96 டாலர். அதில் சீனாவில் பொருத்துவதற்கான கூலி 6.50 டாலர். வீட்டுக் கூடத்தில் 500-க்கு 1 என்று ஆரம்பித்தது, கடல் தாண்டிப் போய் இந்த இடத்தில் நின்றது.

ஏற்கெனவே ஒரு முறை வந்து போன கதை

காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு செல்போன் தொழிற்சாலை புதிதில்லை. ஆப்பிள் வருவதற்கு முன்பே பின்லாந்தின் நோக்கியா வந்துவிட்டது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். விடியற்காலை ஷிஃப்டுக்கு கம்பெனி பஸ் ஊர் முனைக்கே வரும். கழுத்தில் நீலப்பட்டை அட்டை, கையில் டிபன் பாக்ஸ். 'நோக்கியா பொண்ணு' என்றால் அந்த வட்டாரத்தில் ஒரு மரியாதை. வீட்டுக்கு கான்க்ரீட் கூரை போட்டவர்கள் உண்டு. தம்பியை இன்ஜினீயரிங் படிக்கவைத்தவர்கள் உண்டு.

எட்டே ஆண்டுகள். ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் வரித் தகராறு. இன்னொரு பக்கம், தொடுதிரை போன்களின் காலத்தில் நோக்கியாவே தடுமாறியது. அதைத் தடுமாறவைத்ததில் ஐபோனுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதுதான் இதில் வேடிக்கை. 2013-ல் நோக்கியாவின் போன் பிரிவை வாங்க மைக்ரோசாஃப்ட் முன்வந்தது. 2014 ஏப்ரலில் கைமாற்றம் முடிந்தபோது, வரி வழக்கில் முடங்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அதில் சேரவில்லை. ஆர்டர் நின்றது. 2014 நவம்பர் 1 அன்று கதவு மூடப்பட்டது. விருப்ப ஓய்வு என்று பெயர், ஓய்வு பெற்றவர்களில் பலருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், நோக்கியாவை நம்பி அங்கே இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது.

பிறகு ஃபாக்ஸ்கான் திரும்பி வந்தது. இந்த முறை சுங்குவார்சத்திரத்தில். நோக்கியாவின் காலி ஆலையில் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் குடியேறியது. அது ஆப்பிளுக்கும் சப்ளை செய்கிறது. 2017-ல் பெங்களூருவில் விஸ்ட்ரான் நிறுவனம் ஐபோன் எஸ்.இ. மாடலோடு தொடங்கிவைத்த இந்திய உற்பத்தி, 2019-ல் எக்ஸ்.ஆர். மாடலோடு சுங்குவார்சத்திரத்துக்கு வந்தது.

அதே 2019-ல், அக்டோபர் 11, 12 தேதிகளில், மாமல்லபுரம் உலகத் தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டிருந்தது. வேட்டி கட்டிய பிரதமர் மோடி, சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கு அர்ச்சுனன் தபசையும் ஐந்து ரதங்களையும் சுற்றிக் காட்டினார். வெண்ணெய் உருண்டைப் பாறை முன்னால் இருவரும் கைகோத்துப் போஸ் கொடுத்தார்கள். சில மாதங்களில் கொரோனா. 2020 ஜூனில் கல்வான் மோதல். அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையிலும் வரிச் சண்டை. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்த பயம் ஆப்பிளுக்கு வந்தது. இந்திய அரசும் உற்பத்திக்கேற்ப ஊக்கத்தொகை தரும் திட்டத்தை 2020-ல் அறிவித்தது. துறைமுகம், விமான நிலையம், பாலிடெக்னிக் படித்த பிள்ளைகள், ஷிஃப்ட் வேலைக்குப் பழகிய ஊர்கள், நோக்கியா விட்டுப்போன அனுபவம் எல்லாம் இங்கே தயாராக இருந்தன. பெகாட்ரான் பரனூருக்கு வந்தது இந்தச் சூழ்நிலையில்தான்.

அதற்குப் பிறகு வேகம். 2025 ஏப்ரலில் அமெரிக்கா புதிய வரிகளை அறிவித்த சமயம், சென்னை விமான நிலையத்திலிருந்து சரக்கு விமானங்களில் சுமார் 600 டன் ஐபோன்கள் அமெரிக்காவுக்குப் பறந்தன. எண்ணிக்கையில் ஏறத்தாழ 15 லட்சம். சுங்க அனுமதிக்கு ஆகும் நேரம் 30 மணியிலிருந்து 6 மணியாகக் குறைக்கப்பட்டதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. குக்கின் மீன் வியாபாரம் சென்னைக் கடற்கரைக்கே வந்துவிட்டது!

ஹாஸ்டல் சாப்பாடும் தாலியும்

வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டங்களிலிருந்து பெண்கள் இந்த ஆலைகளுக்கு வருகிறார்கள். பலருக்கு இது முதல் வேலை. வங்கிக் கணக்கில் சொந்தப் பெயரில் சம்பளம் விழுவதும் முதல் முறை. இதை வெறும் சுரண்டல் கதையாகச் சொல்லி முடித்துவிட முடியாது. 19 வயதில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட உதவும் ஒரே காரணம் பல வீடுகளில் இந்த வேலைதான்.

ஆனால் 2021 டிசம்பரை மறக்க முடியாது. ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டலில் சாப்பாடு விஷமாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் கதி என்ன என்று தெரியாத தவிப்பில் மற்ற பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். இரவு முழுக்க மறியல். யூனியன் கூப்பிடவில்லை, கட்சி கூப்பிடவில்லை. பெற்றோருக்குத் தெரிந்தால் வேலையை விட்டு வரச் சொல்வார்களே என்ற பயத்தையும் மீறித்தான் அவர்கள் சாலைக்கு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. தங்குமிடங்களும் சாப்பாட்டு அறைகளும் தன் விதிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று வேலை மறுபடி தொடங்கியது.

அப்போது வெளியான செய்திகளின்படி அந்தப் பெண்களின் மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய். அந்த ஆண்டு வந்த ஐபோன் 13-ன் ஆரம்ப விலை 79,900 ரூபாய். பைசா செலவழிக்காமல் சேர்த்தால் ஏழரை மாதச் சம்பளம். (ஏழரை என்ற எண் இங்கே தற்செயலாக வந்ததுதான்.) அலமாரியின் சுவர்ப் பக்கத்தையும் இழைத்த கம்பெனிக்கு, ஹாஸ்டல் சமையலறை யாரும் பார்க்காத பக்கமாகப் போய்விட்டது.

மாற்றம் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. சிப்காட் கட்டியது, செலவு 706.50 கோடி ரூபாய். தொழிற்சாலையைக் கொண்டுவருவதோடு அரசின் வேலை முடிவதில்லை என்பதை அந்த டிசம்பர் மறியல்தான் எல்லோருக்கும் உறைக்கவைத்தது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதும் இந்த வரலாற்றின் பகுதிதான்.

2024 ஜூனில் இன்னொரு பிரச்னை வெடித்தது. திருமணமான பெண்களை ஐபோன் பொருத்தும் வேலையில் சேர்ப்பதில்லை என்று ஃபாக்ஸ்கான் ஆலையைப் பற்றி ராய்ட்டர்ஸ் புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு அதிகம், லீவு அதிகம் என்ற பழைய காரணங்கள். தாலி, மெட்டி போன்ற உலோக நகைகள் பற்றிய காரணமும் அதில் அடிபட்டது. ஃபாக்ஸ்கான் மறுத்தது. புதிதாகச் சேர்த்தவர்களில் கால்வாசிப் பேர் திருமணமானவர்கள் என்றது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அமைச்சகம் சுட்டிக்காட்டிய சட்டம் எது தெரியுமா? சம ஊதியச் சட்டம், 1976. ஆப்பிள் பிறந்த அதே ஆண்டு. அன்று ஜாப்ஸின் வீட்டில் சிப் செருகிய கர்ப்பிணித் தங்கை, 48 ஆண்டுகள் கழித்து சுங்குவார்சத்திரத்தில் வேலை கேட்டு வந்திருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்?

பெருந்தச்சனும் கொல்லனும்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு பஸ் கிளம்பியதும் முதலில் வரும் ஊர் பூஞ்சேரி. சுற்றுலாப் பயணிகள் இறங்குவதில்லை. அங்கே இருக்கும் பாறை ஒன்றில் பல்லவர் காலத்து எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன். குணமல்லன். சாதமுக்கியன். திருவொற்றியூர் அபாஜர். கொல்லன் சேமகன். இவர்கள் மாமல்லபுரத்தில் வேலை பார்த்த சிற்பிகள், கல்வேலைக்காரர்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

தர்மராஜ ரதத்துக்குப் போனால் அங்கே சுவரெல்லாம் அரசனின் பட்டப்பெயர்கள்தான். அத்யந்தகாமன் என்றும் இன்னும் பலவாறும் வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய கை தன் பெயரை ரதத்தில் வெட்டவில்லை. கோயிலிலிருந்து தள்ளி, பூஞ்சேரிப் பாறையில் போய் வெட்டியிருக்கிறது. அந்தப் பட்டியலில் பெருந்தச்சனோடு கொல்லனுக்கும் இடம் இருப்பதுதான் மனதைத் தொடுகிறது. கருங்கல்லில் உளி சீக்கிரம் மழுங்கும். அதை நெருப்பில் இட்டுத் தட்டிக் கூர் தீட்டிக் கொடுத்தவராக அவர் இருந்திருக்க வேண்டும். அவருடைய உளித் தடம் எந்தச் சிற்பத்திலும் தனியாகத் தெரியாது. பெயர் மட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது.

ஐபோனில் அப்படி ஒரு பாறை இருக்கிறதா? முன்பு ஒரு சின்னத் தடயம் இருந்தது. சீரியல் எண்ணின் முதல் எழுத்துகளைப் பார்த்து, அந்தப் போன் எந்தத் தொழிற்சாலையில் தயாரானது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். 2021 முதல் ஆப்பிள் அந்த முறையை மாற்றியது. இப்போது சீரியல் எண் ஒரு அர்த்தமும் இல்லாத எழுத்துக் கலவை. எந்த ஆலை, எந்த மாதம் என்று வெளியில் இருந்து படிக்க வழியில்லை.

பரனூரில் ஷிஃப்ட் விடும் நேரம் ஜி.எஸ்.டி. சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும். ஜன்னலோரங்களில் அடையாள அட்டையோடு பெண்கள். பஸ் ஏறி உட்கார்ந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், பையிலிருந்து செல்போனை எடுத்து ஆன் செய்வது. அம்மாவின் மிஸ்டு கால் எத்தனை என்று பார்ப்பது. அந்தப் போன்களில் பெரும்பாலானவற்றின் முதுகில் கடித்த ஆப்பிள் இல்லை.